சுண்ணாம்பு சேராத சோளம்

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள், தீய்ந்துவிடும்.

எங்கள் ராஜகுளம், உத்திரமேரூர் பக்கத்தில் வேர்க்கடலையை யாரும் வேர்க்கடலை என்று சொல்வதில்லை. மல்லாட்டைதான். கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறவர்கள் மல்லாக்கொட்டை என்பார்கள். விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போனால் பேரேட்டில் "மணிலா" என்று எழுதுவார்கள். முப்பத்தைந்து வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி இது: பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம் எப்படி நம் கொல்லைக்கு வந்தது? மணிலாக் கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடலை பிறந்தது மணிலாவில் அல்ல, தென் அமெரிக்காவில். ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்து மணிலாவில் இறக்கினார்கள், அங்கிருந்து நமக்கு வந்தது. பொருள் எந்தத் துறைமுகம் வழியாக வந்ததோ அந்தப் பெயரை ஊரார் ஒட்டிவிட்டார்கள். இந்தப் பழைய பாடத்தை இப்போது மறுபடியும் எடுக்க ஒரு காரணம் இருக்கிறது.

போன மாதம் மகன் வீட்டுக்குச் சென்னை போயிருந்தேன். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மெக்சிகன் உணவகத்துக்கு அழைத்துப் போனான். பெயர் வேண்டாம். அது ஒன்று மட்டும் என்று இல்லை, அந்தச் சாலையில் இன்னும் பல இருக்கின்றனவாம். சுவரில் பெரிய தொப்பி போட்ட மீசைக்காரர் படம், ஒரு கள்ளிச்செடி பொம்மை. நான்கு பேர் சாப்பிட்டதற்கு இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். வந்தது என்ன? அப்பளம் போல மொறுமொறுவென்று வளைத்த ஓட்டுக்குள் ராஜ்மா மசியல், அதன் மேல் மஞ்சள் சீஸ். மைதா சப்பாத்திக்குள் சோறு வைத்துச் சுருட்டிய ஒன்று. "சால்சா" என்று கிண்ணத்தில் வைத்தது பாட்டில் தக்காளி சாஸில் வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் நறுக்கிப் போட்டது. எல்லாவற்றிலும் சீரக வாசனை. வயிறு நிறைந்தது, மனசு நிறையவில்லை. பரிமாறிய தம்பி மேல் கோபம் இல்லை. அவன் நல்ல பிள்ளை, சூடாகத்தான் கொண்டுவந்து வைத்தான்.

பேரன் கேட்டான்: "ஏன் ஆயா, மெக்சிகோல தினமும் இதைத்தான் சாப்பிடுவாங்களா?"

இல்லடா கண்ணு என்று சொல்லிவிட்டேன். ஆனால் இல்லை என்று சொன்னால் போதாதே, என்ன சாப்பிடுவார்கள் என்றும் சொல்ல வேண்டுமே. ஊருக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அந்த மேசையில் வந்ததைவிட எங்கள் வீட்டு அடுப்படியில்தான் மெக்சிகோ அதிகம் இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் அந்தத் தட்டின் கதையை முடித்துவிடுகிறேன். வளைத்து வறுத்த ஓடு, மஞ்சள் சீஸ், சீரகத்தூள் எல்லாம் பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவின் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் வளர்ந்த சமையல். 1836 வரை டெக்சாஸ் மெக்சிகோவுடையதாகத்தான் இருந்தது. பிறகு 1848இல் போரில் தோற்று, கலிபோர்னியா உட்பட நாட்டில் பெரும்பகுதியை மெக்சிகோ அமெரிக்காவிடம் இழந்தது. கோடு நகர்ந்தது, மக்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் சமையலை அமெரிக்கக் கடைகளும், 1960களில் பரவிய சங்கிலி உணவகங்களும் தங்கள் வசதிக்கு மாற்றி உலகம் முழுக்க அனுப்பின. நமக்கு வந்திருப்பது அந்த நகலின் நகல். நாச்சோஸ் கூட 1943இல் எல்லை ஊரான பியத்ராஸ் நெக்ராஸில், அமெரிக்கப் படைவீரர்களின் மனைவிமார் பசியோடு வந்தபோது இக்னாசியோ அனாயா என்ற உணவகப் பணியாளர் கையில் இருந்ததை வைத்துச் செய்து கொடுத்தது. இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

சரி, உண்மையான மெக்சிகோ எது? சுண்ணாம்பு.

சிரிக்காதீர்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, பதநீர்ப் பானையின் உள்ளே பூசுகிறார்களே, அதே சுண்ணாம்புதான். மக்காச்சோளம் பிறந்தது தெற்கு மெக்சிகோவில், சுமார் 9,000 வருடங்களுக்கு முன்னால் ஒரு காட்டுப் புல்லிலிருந்து. அந்த மக்கள் சோளத்தை அப்படியே மாவாக்கி உண்ணவில்லை. காய்ந்த மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் (சில இடங்களில் சாம்பல் கரைத்த தண்ணீரில்) வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கையால் கசக்கித் தோலைப் போக்கி, பலமுறை கழுவி, ஈரத்தோடு அரைப்பார்கள். அரைக்கும் கல்லுக்கு மெதாதே என்று பெயர். மூன்று காலுள்ள அம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள், குழவியும் உண்டு. மண்ணால் செய்த தோசைக்கல்லில் தட்டிப் போட்டு எடுத்தால் அதுதான் தோர்த்தியா. எண்ணெய் கிடையாது, மைதா கிடையாது. கோதுமை ஸ்பானியர் கொண்டுவந்தது. நாட்டின் வடக்கில்தான் கோதுமைத் தோர்த்தியா வழக்கம்.

சுண்ணாம்பு எதற்கு? ஒன்று, மாவு பிடிமானம் பெறும். வெறும் மக்காச்சோள மாவைப் பிசைந்து மெல்லிசாகத் தேய்த்துப் பாருங்கள், உடைந்து உதிரும். பஞ்சாபில் மக்கி ரொட்டியைத் தடியாகக் கையால் தட்டுவது அதனால்தான். சென்னைக் கடைக்காரர் மைதாவைப் பிடித்துக்கொண்டதற்கும் எனக்குத் தெரிந்து இதுதான் காரணம். இரண்டாவது காரணம் பெரியது. சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது, ஆனால் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலத்தில் அந்தப் பெண்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சமைக்கும் பெண்களிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சோளம் நன்றாக விளைந்தது, மலிவாக இருந்தது, ஏழைகளின் ஒரே உணவானது. பிறகு ஒரு நோய் வந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இதைக் கண்டு எழுதி வைத்தார். இத்தாலியில் பெலாக்ரா என்று பெயர் வைத்தார்கள், சொரசொரத் தோல் என்று பொருள். இத்தாலியில் பைத்தியக்கார விடுதிகள் இந்த நோயாளிகளால் நிரம்பின. சோளத்தின் தாயகமான மெக்சிகோவில் இந்த நோய் பெரிதாகத் தலைகாட்டவில்லை.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1900களின் தொடக்கத்தில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. கிருமி என்றார்கள். 1914இல் அரசு ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. நோயாளிகளோடு பழகும் செவிலியர்களுக்கு இது வருவதே இல்லை என்பதை அவர் கவனித்தார். 1915இல் மிசிசிப்பியில் சிறைக்கைதிகள் சிலர், விடுதலை தருவதாகச் சொன்னதால் ஒப்புக்கொண்டு, சோளமே பிரதானமான சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். சில மாதங்களில் அவர்களில் சிலருக்கு நோய் வந்தது. அப்போதும் ஊர் நம்பவில்லை. கோல்ட்பெர்கர் நோயாளியின் இரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. நியாசின்தான் காரணம் என்று உறுதியானது 1937இல். கோல்ட்பெர்கர் 1929இலேயே இறந்துவிட்டார்.

இது வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத் வட்டாரத்தில் நம் வெள்ளைச் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளிடம் இதே பெலாக்ரா இருந்தது. அதை ஆராய்ந்து 1960இல் வெளியிட்டவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று யாராவது தேடிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு மக்காச்சோளம் என்றதும் வேறு ஒன்று நினைவுக்கு வரும். மஞ்சள் உப்புமா! காமராஜர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவுக்கு, அறுபதுகளில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பொருள் கொடுத்தது. மாவு மூட்டையில் இரண்டு கை குலுக்குகிற படம் இருக்கும். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அண்டாவில் கிண்டுவார்கள். எண்ணெய் வாசனை கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும். எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. தட்டை வழித்து நக்கியிருக்கிறோம். பிறகு சோயா, பால்பவுடர் கலந்த மாவு வந்தது. வைட்டமின் சேர்த்தே அனுப்பினார்கள். சுண்ணாம்பு செய்த வேலையை ஆலையில் செய்து அனுப்பினார்கள் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு யார் எங்களுக்குச் சொன்னார்கள், இந்தத் தானியம் மெக்சிகோக்காரன் வயலில் பிறந்தது என்று?

அப்புறம் மிளகாய். மெக்சிகோவும் அதைச் சுற்றிய நிலமும் அதன் வீடு. போர்ச்சுகீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் நம் கரையில் இறங்கியது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். சங்க காலத்தில் மிளகுக்குக் கறி என்றே பெயர். புதிதாக வந்த காய்க்கு முன்னோர் யோசிக்கவே இல்லை, மிளகு போல உறைக்கிற காய், மிளகாய். மிளகு மலையில் விளையும், காசு கொடுத்து வாங்க வேண்டும். மிளகாய் கொல்லைப்புறத்தில் கழுநீர் விழுகிற இடத்தில் கூடக் காய்க்கும். ஏழை வீட்டுக் கஞ்சிக்கு முதல் முறையாகச் செலவில்லாமல் ஒரு ருசி கிடைத்தது. நூறு, இருநூறு வருடத்தில் நாடு பிடித்துவிட்டது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறை, வாரியப் பெருமக்கள். பள்ளிப் பிள்ளைகளை வருடா வருடம் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன். அந்தப் பெருமக்கள் தேர்தல் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட சாப்பாட்டில் மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, மல்லாட்டை இல்லை. கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா எதுவும் அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் பழைய நாக்கை இன்றைக்கும் ருசி பார்க்க வேண்டும் என்றால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகும் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்குதான். மிளகாய் நுழையவில்லை. எங்கள் தெருவில் திவசச் சமையல் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரும் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கைத் தொடமாட்டார். "அதெல்லாம் நம்மளுது இல்லம்மா" என்பார். எனக்கு இது ஆசாரமாகத் தெரியவில்லை, ஆவணமாகத் தெரிகிறது. 500 வருடத்துக்கு முந்தைய சமையல் பட்டியலை ஒரு சமையற்காரர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

தக்காளிக் கதை இன்னும் வேடிக்கை. தக்காளி என்ற பெயர் முதலில் இந்தச் சிவப்புப் பழத்துக்கு உரியதல்ல. வயல் வரப்பில் முளைக்குமே, காகிதப் பை போன்ற உறைக்குள் சின்னப் பழம், சொடக்குத் தக்காளி, அதன் இனத்துக்கு உரியது. சீமையிலிருந்து இந்தப் பெரிய பழம் வந்ததும் சீமைத் தக்காளி என்றோம். பிறகு சீமையை உதிர்த்துவிட்டோம். மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் இதே கூத்து. அங்கேயும் உறைக்குள் இருக்கும் பச்சைப் பழத்துக்கும் சிவப்புப் பழத்துக்கும் ஒரே வேர்ச்சொல், தொமாத்ல். இன்றும் மெக்சிகோ நகரத்துச் சந்தையில் தொமாத்தே என்று கேட்டால் உறைப்பழம் கிடைக்கும், சிவப்புக்கு ஹித்தொமாத்தே என்று கேட்க வேண்டும். அவர்களுடைய பச்சைச் சால்சா அந்த உறைப்பழத்தில் அரைப்பது. நம் சொடக்குத் தக்காளியின் பெரியம்மா வீட்டுப் பழம் அது. சாஸ் பாட்டிலோடு மல்லுக்கட்டிய கடைக்காரருக்கு இதை யார் சொல்வது.

சப்போட்டாவும் அவர்கள் சொல்லே, த்சபோத்ல். அந்த மரத்தின் பாலைக் காய்ச்சித்தான் உலகத்துக்கு முதலில் சூயிங்கம் செய்து கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்கும் கருவிக்கும் கட்டுகிற செண்டுமல்லி மெக்சிகோ பூ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்துப் படையல் போடுவார்கள். கல்லறையிலிருந்து வீடு வரை வழி தெரிய இந்தப் பூவின் இதழ்களைத் தூவுவார்கள். நம் மகாளய அமாவாசை கழிந்து சில வாரத்தில் வருகிறது அது. படையலில் அவர்களும் செத்தவருக்குப் பிடித்த பலகாரத்தைத்தான் வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சுமந்தது எது? 1565 முதல் 1815 வரை, 250 வருடம், மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. வரும்போது வெள்ளி, போகும்போது பட்டு, பீங்கான், நறுமணப் பொருள். நம் சோழமண்டலக் கரைத் துணியும் போனது. சென்னை வணிகர்கள் மணிலாவோடு கொழுத்த வியாபாரம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஆர்மீனியர், கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலாவில் சம்பாதித்தவர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726இல் சொந்தச் செலவில் பாலம் கட்டினார், மர்மலாங் பாலம் என்று பெயர். இப்போது அங்கே இருப்பது மறைமலை அடிகள் பாலம். பரங்கிமலைப் படிகளையும் அவர்தான் கட்டிவைத்தார். அந்தப் பாலத்தில் பேருந்து நெரிசலில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் காலடிக் கதையில் மெக்சிகோ வெள்ளி இருக்கிறது. மெக்சிகோ நாணயச் சாலையில் அடித்த வெள்ளியை உருக்கிச் சென்னையில் ரூபாய் அடித்த காலம் உண்டு. நம் நெசவாளி தறியில் குனிந்து நெய்ததற்குக் கூலி எங்கோ ஒரு மெக்சிகோ சுரங்கத்தில் இந்தியன் என்று பெயர் சூட்டப்பட்ட வேறொரு மனிதன் வெட்டிய வெள்ளி.

சரக்கு மட்டும் போகவில்லை. மீர்ரா என்ற இந்தியச் சிறுமியைப் போர்ச்சுகீசியர் பிடித்து, கொச்சி வழியாக மணிலாவுக்குக் கொண்டுபோய் அடிமையாக விற்றார்கள். அங்கிருந்து மெக்சிகோவின் புவேப்லா நகரம். கத்தரினா தே சான் ஹுவான் என்று பெயர் மாற்றினார்கள். 1688இல் இறந்தபோது ஊரே அவளைப் புனிதவதி என்று கூடி அழுதது. அவளுக்கு அந்த ஊர்ச் சந்தையில் புளி கிடைத்திருக்குமா என்று ஏனோ எனக்கு ஒரு யோசனை. ஏனென்றால் புளி அந்தக் கப்பல் காலத்தில் நம் பக்கத்திலிருந்து அங்கே போனது. மாம்பழமும் போனது, அங்கே ஒரு ரகத்துக்கு இன்றும் மணிலா மாம்பழம் என்று பெயர். புளித்தண்ணீரில் வெல்லம் கலந்தால் நமக்குப் பானகம். அவர்கள் சர்க்கரை போட்டு ஆகுவா தே தமரிந்தோ என்று குடிக்கிறார்கள்.

கோதுமைக் கதை பலருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமை விதை, 1966இல் மட்டும் 18,000 டன், கப்பலில் வந்தது. அப்போது மத்திய உணவு அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், விஞ்ஞானி கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். டெல்லியில் அமைச்சர் தன் வீட்டுப் புல்வெளியிலேயே அந்த விதையைப் போட்டுக் காட்டினார். பஞ்சம் விலகியது. ஆனால் அதற்கு நாற்பது வருடம் முன்பே ஓர் இந்தியர் அங்கே போய்ச் சோளமும் கோதுமையும் ஆராய்ந்தார் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. வார்தாவில் பிறந்த பாண்டுரங்க கான்கோஜே, கதர் கட்சிப் புரட்சிக்காரர். வெள்ளையன் உள்ளே விடாததால் மெக்சிகோவில் தங்கி, சப்பிங்கோ வேளாண் பள்ளியில் ஏழை விவசாயிகளுக்குப் பாடம் எடுத்தார். ஓவியர் தியேகோ ரிவேரா, ரொட்டி பங்கிடுகிற ஒரு சுவரோவியத்தில் அவரை வரைந்து வைத்திருக்கிறார். ஒரு வாத்தியாரைச் சுவரில் வரைந்த நாடு என்பதால் எனக்கு மெக்சிகோ மேல் தனிப் பாசம்.

ஊருக்கு வந்தபின் சோளத்தை நானே செய்து பார்த்தேன். நாட்டுமருந்துக் கடையில் சுத்தமான வெற்றிலைச் சுண்ணாம்பு, கிலோ சோளத்துக்கு 10 கிராம். வேகும்போது தண்ணீர் மஞ்சளாகிறது, ஈர மண் வாசனை வருகிறது. காலையில் தோல் வழுவழுவென்று கழன்றது. ஏழெட்டுத் தண்ணீர் கழுவி அம்மியில் அரைத்தேன். கை வலி இரண்டு நாள். ஆனால் வாழையிலையில் தட்டித் தோசைக்கல்லில் போட்டது உடையவில்லை, பூரி மாதிரி உப்பியது. வரமிளகாய், சுட்ட தக்காளி, பூண்டு வைத்து ஒரு துவையல். பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், நான்கு சாப்பிட்டான். மருமகள் மட்டும் "அத்தை, இது நம்ம அடை மாதிரியே இருக்கே" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கடைசியாக ஒன்று. கொடுக்காப்புளியும் மெக்சிகோ மரம்தான். அங்கே குவாமூச்சில் என்று பெயர், ஆங்கிலத்தில் மணிலாப் புளி என்பார்கள். பார்த்தீர்களா, மறுபடியும் மணிலா! எங்கள் பள்ளி வேலியில் இரண்டு மரம் நின்றது. கல்லெறிந்து பிடிபட்ட பிள்ளைகள் பலர் இன்று இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். எங்கள் பக்கம் கொரக்காப்புளி என்றும் சொல்வார்கள், தெற்கே கோணப்புளியங்கா என்கிறார்கள். உங்கள் ஊரில் என்ன பெயர்? மல்லாட்டைக்கும் வேறு பெயர் இருந்தால் சேர்த்து எழுதுங்கள், எந்த ஊர் என்பதையும் மறக்காமல் போடுங்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன்.